தரவுத்தளத்தில் மெயில்: வேகம் எங்கே தொலைகிறது?

மின்னஞ்சல்களைக் கோப்புகளாக வைக்காமல் தரவுத்தளத்தில் வைக்கும் சர்வர்கள்மேல் ஒரு பழைய புகார் உண்டு. தொடக்கத்தில் நன்றாக ஓடும். இன்பாக்ஸில் ஒரு லட்சம் மடல் சேர்ந்ததும், ஃபோல்டரைத் திறந்தால் சுழலும் வட்டம்தான் தெரியும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது ரேமைக் கூட்டுவது, எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது. அதனால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். என் பார்வையில் இந்தத் தாமதத்தின் பெரும்பகுதிக்கு வேர் ஒன்றே: மாறவே மாறாத ஒன்றையும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஒன்றையும் ஒரே இடத்தில் போட்டு வைப்பது.

மெயில் செயலி சர்வரில் உள்ள மடல்களைப் பார்க்கப் பயன்படும் ஐமேப் நெறிமுறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். 2003இல் வந்த அதன் வரையறையான ஆர்எஃப்சி 3501 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறது. ஒரு மடல் ஃபோல்டருக்குள் வந்து அதற்கு யூஐடி என்ற அடையாள எண் கிடைத்துவிட்டால், அதன் உள்ளடக்கம், அளவு, தலைப்புகள், இணைப்புகளின் அமைப்பு, வந்து சேர்ந்த தேதி எதுவும் பிறகு மாறக் கூடாது. வரைவு மடலில் ஒரு எழுத்தைத் திருத்தினால்கூட, மெயில் செயலி புதிய மடல் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழையதை அழிக்கத்தான் முடியும். மாறக்கூடியவை மிகச் சில: படித்தாயிற்றா, பதில் அனுப்பியாயிற்றா, நட்சத்திரக் குறி உண்டா, அழிக்கக் குறித்திருக்கிறதா. இந்தக் கொடிகள் எல்லாம் சேர்ந்தாலும் சில பைட்டுகள்தான்.

தரவுத்தளத்தை வடிவமைப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. மாறாத தரவு என்றால் கேஷ் (விரைவாக எடுக்கச் சேமித்து வைத்த பிரதி) எப்போது செல்லாமல் போகும் என்ற கவலையே இல்லை. ஒருமுறை கணக்கிட்டதை மடல் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வரத்தைப் பல சர்வர்கள் வீணாக்குகின்றன.

ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது

மெயில் செயலி ஃபோல்டரைத் திறந்ததும் கேட்பது பெரும்பாலும் யூஐடிகளும் கொடிகளும்தான். மடலின் உடலை அது அப்போது கேட்பதில்லை. ஆனால் தரவுத்தளத்தின் மடல் டேபிளில் (அட்டவணையில்) யூஐடி, கொடிகள், அனுப்பியவர், பொருள், முழுத் தலைப்புகள் என எல்லாமே ஒரே பதிவில் இருந்தால், சில பைட்டுகளுக்காக முழுப் பதிவையும் வட்டிலிருந்து தூக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தரவை 8 கேபி பக்கங்களாக வைக்கிறது. தலைப்புகளோடு சேர்ந்து ஒரு பதிவு 1.5 கேபி என்றால் பக்கத்துக்கு ஐந்து பதிவுகள். ஒரு லட்சம் மடல்களுக்கு 20,000 பக்கங்கள், ஏறக்குறைய 160 எம்பி. இதே தகவலில் ஃபோல்டர் எண், யூஐடி, மடல் எண், கொடிகள், மாற்ற எண் (கடைசி மாற்றத்தைக் குறிக்கும் எண், பின்னால் பார்ப்போம்) ஆகியவற்றை மட்டும் தனி டேபிளில் வைத்தால் ஒரு பதிவு 60 பைட்டுக்குள் அடங்கும். பக்கத்துக்கு நூற்றுக்கும் மேல். ஒரு லட்சத்துக்கும் ஆயிரம் பக்கம் போதும், 8 எம்பிக்குள் முடிந்துவிடும். எந்த வன்பொருளையும் மாற்றாமலே படிக்க வேண்டிய அளவு இருபதில் ஒன்றாகிறது.

இது நல்ல நிலையில் கிடைக்கும் கணக்கு. நடப்பில் இன்னொரு சிக்கல் குறுக்கே வரும். போஸ்ட்கிரஸ் புதிய பதிவுகளை எங்கே இடமிருக்கிறதோ அங்கே எழுதும். பத்தாயிரம் பேருக்கு மாறி மாறி மடல் வந்தால், ஒருவருடைய பதிவுகள் டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஃபோல்டர் எண்ணும் யூஐடியும் சேர்ந்த இண்டெக்ஸ் இருந்தாலும், அது பதிவு இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கத்தைத் தேடிப் போகத்தான் வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி இந்த இடத்தில் இயல்பாகவே முந்துகிறது. அது பதிவுகளை முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் புலங்களின்) வரிசையிலேயே அடுக்குவதால், ஃபோல்டர் எண்ணையும் யூஐடியையும் முதன்மைச் சாவியாக வைத்தால் ஒரு ஃபோல்டரின் பதிவுகள் அருகருகே அமையும். தானாக ஏறும் ஒரு எண்ணை முதன்மைச் சாவியாக வைக்கும் பழக்கம், மெயில் விஷயத்தில் இந்த நன்மையைக் கெடுத்துவிடுகிறது.

போஸ்ட்கிரஸில் அதற்கு மாற்று, தேவையான எல்லாப் புலங்களையும் இண்டெக்ஸுக்குள்ளேயே வைத்து டேபிளைத் தொடாமல் பதில் சொல்ல வைப்பது. இந்த வசதி 2012இல் 9.2 பதிப்பில் வந்தது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, தேடலுக்குப் பயன்படாத புலங்களையும் இண்டெக்ஸோடு கூடுதலாக ஏற்றி வைக்கலாம். ஆனால் அது வேலை செய்ய, அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதிவுகளும் எல்லோருக்கும் தெரிபவை என்று வேக்கியூம் (பழைய பிரதிகளை அகற்றும் துப்புரவு வேலை) குறித்து வைத்திருக்க வேண்டும். அடிக்கடி மாறும் பக்கங்களில் அந்தக் குறிப்பு அழிந்துகொண்டே இருக்கும். இங்கேதான் கொடிகள் கதைக்குள் நுழைகின்றன.

ஒரு மடலைப் படித்தால் என்ன எழுதப்படுகிறது

போஸ்ட்கிரஸ் ஒரு பதிவை இருக்கும் இடத்திலேயே திருத்துவதில்லை. மாற்றங்களோடு புதிய பிரதி ஒன்றை எழுதி, பழையதை இறந்ததாக விட்டுவிடும். 1.5 கேபி பதிவில் ‘படித்தாயிற்று’ என்ற ஒரே பைட்டை மாற்றினாலும் புதிதாக 1.5 கேபி எழுதப்படும். அந்த டேபிளுக்கு ஆறு இண்டெக்ஸ் இருந்தால் ஆறிலும் புதிய பதிவு விழும். ஒருவர் இருநூறு மடல்களைத் தேர்ந்தெடுத்து ‘எல்லாம் படித்தவை’ என்று ஒரு பொத்தானை அழுத்தும்போது, உள்ளே நடக்கும் எழுத்து வேலை நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு.

இதைக் குறைக்கவே 2008இல் வந்த 8.3 பதிப்பில் ஹாட் என்ற உத்தி சேர்ந்தது. மாறிய புலம் எந்த இண்டெக்ஸிலும் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே புதிய பிரதியை எழுதிவிடும். இதற்காகவே ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எவ்வளவு நிரப்பலாம் என்ற அளவை) குறைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் காலி இடம் விட்டு வைப்பார்கள். ஆனால் படிக்காத மடல்களை விரைவாக எண்ண வேண்டும் என்று அந்தக் கொடியின்மேல் ஓர் இண்டெக்ஸ் போட்டால் ஹாட் போய்விடும். அந்தக் கொடி இண்டெக்ஸின் நிபந்தனையில் மட்டும் இருந்தாலும் இதே கதிதான். ஒரு பக்கம் எண்ணிக்கை வேகமாகிறது, மறுபக்கம் ஒவ்வொரு வாசிப்பும் கனமாகிறது. எது லாபம் என்பதை உங்கள் பயனர்கள் செய்யும் வேலைதான் சொல்ல முடியும். எப்படியானாலும் மெலிந்த டேபிள் என்றால் இழப்பு சிறியது. அதனால்தான் முதலில் பிரிப்பதை வலியுறுத்துகிறேன், இண்டெக்ஸ் ஆராய்ச்சி அதற்குப் பிறகு வரட்டும்.

இறந்த பிரதிகளைக் கூட்டிப் பெருக்குவது ஆட்டோவேக்கியூமின் வேலை. அதன் இயல்பான அமைப்பு, டேபிளில் 20 விழுக்காடு இறந்த பிறகுதான் கிளம்பும். ஐந்து கோடிப் பதிவுகள் உள்ள டேபிளில் ஒரு கோடி இறந்த பிரதிகள் சேரும்வரை அது அசையாது என்று பொருள். கொடிகள் உள்ள டேபிளுக்கு மட்டும் இந்த விகிதத்தை ஒன்று அல்லது இரண்டு விழுக்காடாக இறக்கிவிடுங்கள். டேபிள்வாரியாக மாற்ற முடியும், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். மாறாத மடல் உடல்கள் இருக்கும் டேபிளுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆர்எஃப்சி 3501 காலத்து ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். ‘ரீசன்ட்’ என்று ஒரு கொடி இருந்தது. இந்த ஃபோல்டரில் இந்த மடலை முதன்முதலாகப் பார்க்கும் செயலி இணைப்பு நீதான் என்று அது சொல்லும். அதைச் சரியாகச் செய்ய, ஃபோல்டரைத் திறந்தாலே சர்வர் ஏதாவது எழுத வேண்டும். படிப்புக்கே எழுத்துச் செலவு. 2021இல் வந்த ஆர்எஃப்சி 9051 இந்தக் கொடியைக் கைவிட்டது, நல்லதே செய்தது.

எண்ணிக்கையும் மாற்ற எண்ணும்

ஐம்பது ஃபோல்டர் வைத்திருப்பவரின் செயலி, ஒவ்வொன்றிலும் எத்தனை மடல், எத்தனை படிக்காதவை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் பதிவுகளை எண்ணி விடை சொல்வது வீண் வேலை. ஃபோல்டர் பதிவிலேயே இரண்டு எண்ணிக்கைகளை வைத்து, மடல் வரும்போதும் கொடி மாறும்போதும் அதே டிரான்சாக்ஷனில் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத வேலைத்தொகுப்பில்) திருத்தினால் கேள்விக்கு ஒரு பதிவைப் படித்தால் போதும். அந்தப் பதிவைப் பூட்டுவதற்கு (ஒரு நேரத்தில் ஒருவரே திருத்தும்படி) போட்டி வராதா என்று கேட்கலாம். யூஐடி கொடுப்பதற்காக அந்தப் பதிவை எப்படியும் பூட்டத்தான் போகிறோம், அதைப் பின்னால் பார்ப்போம்.

இதைவிடப் பெரிய லாபம் மாற்ற எண்ணில் இருக்கிறது. 2006இல் ஆர்எஃப்சி 4551 ஆக வந்த கான்ட்ஸ்டோர் நீட்சி, ஒவ்வொரு மடலுக்கும் ஏறுமுகமான ஒரு மாற்ற எண்ணைத் தருகிறது. செயலி தன்னிடம் கடைசியாக இருந்த எண்ணைச் சொல்லி, அதற்குப் பின் மாறியவற்றை மட்டும் கேட்கலாம். 2008இல் வந்த க்யூரீசிங்க் இதையே அழிந்த மடல்களுக்கும் நீட்டியது. 2014இல் இரண்டும் ஆர்எஃப்சி 7162இல் ஒன்றாயின. ஒரு லட்சம் கொடிகளை அனுப்புவதற்குப் பதில் ஏழு பதிவுகள் போகும். ஃபோல்டர் எண், மாற்ற எண் இரண்டின்மேலும் ஓர் இண்டெக்ஸ் வேண்டும். அது ஹாட் உத்தியைக் கெடுக்கும்தான். ஆனால் இந்த இடத்தில் அந்த விலை தாராளமாகக் கொடுக்கத் தகுந்தது.

தரவுத்தளத்தைக் குறைசொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, சர்வர் கேள்வி கேட்கும் விதம். செயலி ‘1 முதல் 20,000 வரை தலைப்புகளைக் கொடு’ என்று ஒரே கட்டளையில் கேட்கிறது. சர்வரின் நிரல் அதை ஒரு சுழற்சியாக எழுதியிருந்தால் தரவுத்தளத்துக்கு 20,000 தனித்தனிக் குவெரிகள் (கேள்விகள்) போகும். ஒரு முறை போய்வர அரை மில்லிவினாடிதான் என்றாலும் மொத்தம் பத்து வினாடி. மெதுவான குவெரிகளின் பட்டியலில் இது தலைகாட்டாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனியாக மின்னல் வேகம். போஸ்ட்கிரஸின் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியைச் சேர்த்து, சராசரி நேரத்தைப் பார்க்காமல் மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். குற்றவாளி முதல் சில வரிகளிலேயே இருக்கும். எந்தத் திருத்தத்துக்கும் முன்பு இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

மடல் வந்து சேரும் நேரம்

மடலை அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில், மடலைப் பெற்ற சர்வர் 250 (‘ஏற்றுக்கொண்டேன்’) என்று பதில் சொன்ன கணத்திலிருந்து அந்த மடலுக்கு அது முழுப் பொறுப்பு. அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழித்துவிடும். ஆகவே 250 சொல்வதற்கு முன் மடல் வட்டில் உறுதியாகப் பதிந்திருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. வேகத்துக்காக எஃப்சிங்க்கை (தரவு வட்டில் உண்மையில் பதியும்வரை காத்திருப்பதை) அணைத்து வைக்கச் சொல்லும் ஆலோசனை அவ்வப்போது காதில் விழும். மெயில் சர்வரில் அதைச் செய்வது மற்றவர்களின் கடிதங்களை வைத்துச் சூதாடுவது.

எஃப்சிங்க்கின் செலவு உண்மையானதுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் வட்டு வினாடிக்கு 120 முறைதான் சுற்றும். ஒவ்வொரு கமிட்டும் (டிரான்சாக்ஷனை உறுதிசெய்து முடிப்பதும்) வட்டில் அதே இடம் சுற்றி வரும்வரை காத்திருந்தால் ஒரு தரவுத்தள இணைப்பு வினாடிக்கு அதைத் தாண்டிக் கமிட் செய்ய முடியாது. மின்தடையைத் தாங்கும் எஸ்எஸ்டியில் இந்தச் சுவர் இடிந்துபோகிறது. அது இல்லாத இடத்தில் ஒரே கமிட்டில் பல வேலைகளைச் சேர்ப்பதுதான் வழி. ஒரு மடல் முப்பது பேருக்கு வந்தால், முப்பது டிரான்சாக்ஷன் வேண்டாம், ஒன்று போதும்.

கொடிகளுக்கோ இந்தக் கண்டிப்பு தேவையில்லை. மின்சாரம் போய் ஒரு மடல் மறுபடி ‘படிக்காதது’ ஆனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. போஸ்ட்கிரஸில், வட்டில் பதியும்வரை காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ் கமிட் அமைப்பை டிரான்சாக்ஷன்வாரியாக அணைக்கலாம். மடல் சேர்க்கும் டிரான்சாக்ஷன் காத்திருக்கும், கொடி மாற்றும் டிரான்சாக்ஷன் காத்திருக்காது. இயல்பான அமைப்பில் அதிகபட்சம் 0.6 வினாடி வேலை தொலையலாம், தரவுத்தளம் சிதையாது. இன்னோடிபியில் இதற்கு நிகரான அமைப்பு சர்வர் முழுவதற்கும் பொது, எனவே இந்தப் பிரிவினை அங்கே வாய்க்காது. ஒரு எச்சரிக்கை: தொலைந்த அந்த அரை வினாடியில் செயலிக்குச் சொல்லிவிட்ட மாற்ற எண்களும் தொலையும். திடீரென விழுந்து எழுந்தபின் அதே எண்களை மறுபடி கொடுத்தால் செயலி சில மாற்றங்களைக் காணாமலே போகும். எழுந்ததும் மாற்ற எண்களைச் சில ஆயிரம் முன்னே தள்ளிவிடுவது பாதுகாப்பு.

யூஐடி கொடுப்பது வெளியே எளிதாகத் தெரியும் கடினமான இடம். தரவுத்தளத்தின் தானியங்கி எண்ணைப் பயன்படுத்தினால், 100 வாங்கிய டிரான்சாக்ஷனுக்கு முன்பே 101 வாங்கியது கமிட் ஆகிவிடலாம். அந்த இடைவெளியில் பார்த்த செயலி 101 வரை தெரிந்துகொண்டு, அடுத்த முறை 102இலிருந்து கேட்கும். 100ஆம் மடல் சர்வரில் இருக்கும், ஆனால் அந்தச் செயலியில் வராமலே போகலாம். அதனால் ஃபோல்டர் பதிவைப் பூட்டி, எண்ணை எடுத்து, கமிட் வரை பூட்டை விடாமல் வைத்திருக்க வேண்டும். பூட்டு என்றால் வரிசையில் நிற்பது. வரிசையைச் சுருக்க வழி, மடலின் உடலையும் இணைப்புகளையும் முதலில் எழுதி முடித்துவிட்டு, பூட்டைக் கடைசியில் எடுப்பது. 20 எம்பி இணைப்பை எழுதும் நேரமெல்லாம் பூட்டைப் பிடித்திருக்கும் நிரலுக்கும், கடைசிச் சில மில்லிவினாடி மட்டும் பிடிக்கும் நிரலுக்கும் உள்ள வேறுபாடு, பலர் எழுதும் பொது ஃபோல்டரில் பளிச்சென்று தெரியும். பல ஃபோல்டர்களுக்குப் போகும் மடல் என்றால் எண் வரிசைப்படி பூட்டுங்கள், இல்லாவிட்டால் டெட்லாக்: ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து இரண்டும் நின்றுவிடும்.

உடலை எங்கே வைப்பது

மாறாத உடலைத் தரவுத்தளத்துக்குள் வைப்பதா, கோப்பாக வெளியே வைப்பதா? 2006இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே மூவரும் இதை அளந்து பார்த்தார்கள். 256 கேபிக்குக் கீழே தரவுத்தளம் முந்தியது, 1 எம்பிக்கு மேலே கோப்பு முறைமை முந்தியது. அந்த எல்லைகள் அன்றைய மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் உரியவை. ஆனாலும் திசை இன்றும் பொருந்துகிறது: உரையும் தலைப்புகளும் உள்ளே, பெரிய இணைப்புகள் வெளியே.

ஒரே இணைப்பு நூறு பேருக்குப் போனால் ஒரு பிரதி போதாதா? தரவுத்தளத்தில் மடல் வைக்கும் சர்வர்களான ஆர்க்கைவாப்டெரிக்ஸும் டிபிமெயிலின் மூன்றாம் பதிப்பும் அப்படித்தான் செய்தன. மடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) பார்த்து, ஒரே மாதிரிப் பகுதியை ஒருமுறை மட்டும் வைத்தன. இடம் மிச்சமாகும். ஆனால் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் இதற்கு நேரெதிராகப் போனது. அதன் 2010 பதிப்பில் ஒற்றைப் பிரதி முறையையே எடுத்துவிட்டு, தரவுத்தளப் பக்கத்தை 8 கேபியிலிருந்து 32 கேபியாக்கி, ஒருவருடைய தரவு வட்டில் அருகருகே இருக்கும்படி மாற்றியமைத்தார்கள். வட்டின் கொள்ளளவு மலிவாகிக்கொண்டே வந்தது, சிதறிய இடங்களுக்குத் தாவும் வேகமோ ஏறவில்லை என்பதுதான் காரணம். என் சாய்வு நடுவில்: பெரிய இணைப்புகளுக்கு ஒற்றைப் பிரதி, சிறிய உரைப் பகுதிகளுக்கு வேண்டாம். இரண்டு கேபி உரையைப் பகிர்வதில் மிச்சமாகும் இடத்தைவிட, பகிர்வைக் கணக்கு வைப்பதற்கே அதிகம் போகும். அழிக்கும்போதும் யாரும் சுட்டாத பகுதிகளை உடனே தேடாமல், ஓய்வான நேரத்தில் பின்னணியில் கூட்டித் தள்ளலாம். அந்தத் தேடலுக்கு, சுட்டும் புலத்தில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் கட்டுப்பாடு) போட்டால் இன்னோடிபி அதைத் தானே உருவாக்கும், போஸ்ட்கிரஸ் உருவாக்காது. ஒரு மடலை அழிக்க முழு டேபிளையும் மேயும் விபரீதம் இப்படித்தான் வருகிறது.

உடல் மாறாது என்பதன் அடுத்த பலன், அதிலிருந்து பெறப்படும் எல்லாவற்றையும் மடல் வரும்போதே கணக்கிட்டு வைக்கலாம். அனுப்பியவர், பெறுபவர், பொருள், தேதி அடங்கிய சுருக்கமும், இணைப்புகளின் அமைப்பும் ஐமேப் பதிலுக்குத் தேவையான வடிவிலேயே எழுதி வைக்கப்பட்டால், பட்டியல் காட்டும்போது எந்த மடலையும் பிரித்துப் படிக்க வேண்டாம். கோப்பு முறையில் இயங்கும் டவ்காட் சர்வர்கூடத் தன் வேகத்தில் பெரும்பங்கை இத்தகைய கேஷில்தான் பெறுகிறது. செயலிகள் கேட்கும் புலங்களைக் கவனித்து அவற்றை மட்டும் சேர்த்து வைக்கும்.

தேடலில் முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி போட்ட லைக் குவெரி (சொல்லின் எந்தப் பகுதியையும் தேடுவது) எல்லா மடல்களையும் படிக்கும். முழுஉரை இண்டெக்ஸ் அதைத் தீர்க்கும், ஆனால் ஐமேப் தேடல் சொல்லின் நடுப்பகுதியைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நெறிமுறை. சொல்வாரி இண்டெக்ஸ் அதை அப்படியே நிறைவேற்றாது. விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும் தமிழில் இந்தக் குறை உறைக்கும். 2019இல் வந்த போஸ்ட்கிரஸ் 12இலிருந்து தமிழுக்கும் வேர்ச்சொல் பிரிப்பு உண்டு என்பது ஆறுதல். மூன்றெழுத்துத் துண்டுகளாக இண்டெக்ஸ் செய்யும் டிரைகிராம் முறை நடுப்பகுதியையும் பிடிக்கும், இடம் மட்டும் கூடுதலாகக் கேட்கும்.

கடைசியாக, செயலிகள் சர்வரோடு பிடிக்கும் நெட்வொர்க் இணைப்புகள். மெயில் செயலிகள் பல இணைப்புகளைத் திறந்து, ஐடில் நிலையில் புதிய மடல் அறிவிப்புக்காகச் சும்மா காத்திருக்கும். 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஐடிலைப் புதுப்பிக்கச் சொல்கிறது 1997இல் வந்த ஆர்எஃப்சி 2177. போஸ்ட்கிரஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் புராசஸ் (இயங்கும் நிரல்) ஓடுவதால், காத்திருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தரவுத்தள இணைப்பைப் பிடித்து வைத்தால் சும்மா இருப்பவர்களே சர்வரைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரே ஒரு புராசஸ் தரவுத்தளத்தின் அறிவிப்புகளைக் கேட்டு, உரிய செயலிகளுக்குப் பகிர்ந்தளித்தால் போதும். மற்ற வேலைகள் பூல் (பலர் மாறி மாறிப் பகிரும் இணைப்புத் தொகுப்பு) வழியாகப் போகட்டும். பூலில் டிரான்சாக்ஷன்வாரி முறையை வைத்தால், அறிவிப்பு கேட்கும் அந்த ஒரு இணைப்பு மட்டும் பூலுக்கு வெளியே நேராகப் போக வேண்டும். இன்னொன்று, மடலோடு வந்த 20 எம்பி இணைப்புக் கோப்பை மெதுவான அலைபேசிக்கு அனுப்பி முடிக்கும்வரை டிரான்சாக்ஷனைத் திறந்தே வைக்காதீர்கள். அது திறந்திருக்கும் நேரமெல்லாம், அதற்குப் பிறகு இறந்த எந்தக் கொடிப் பிரதியையும் வேக்கியூம் அகற்ற முடியாமல் போகலாம். படித்தவுடன் டிரான்சாக்ஷனை மூடுங்கள், பிறகு நிதானமாக அனுப்புங்கள்.